ஆறரை மணி யாருடையது?

வியாழக்கிழமைதோறும் எங்கள் உறவினர் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பட்டியல் வந்து விழும். இந்த வாரம் எந்த சீரியல் முதலிடம், எது இரண்டிடம் சறுக்கியது, எந்தச் சேனல் எதை முந்தியது என்று, நாயகிகளின் படங்களுக்கு மேல் சின்னச் சின்ன கிரீடங்கள் ஒட்டிய பட்டியல். அதை வைத்து இரண்டு நாள்களுக்குச் சண்டை நடக்கும். கல்யாணத்துக்கு வராதவர்கள்கூட அந்தச் சண்டைக்கு வந்துவிடுவார்கள். பல ஆண்டுகளாக நான் அதைத் திறந்து பார்க்காமலே தள்ளிவிட்டுப் போனவன். மழையளவு, தங்க விலை, டிஆர்பி மூன்றும் என்னைக் கேட்டு ஏறுவதோ இறங்குவதோ இல்லை என்பது என் எண்ணம். அத்தை ஒரு கேள்வி கேட்ட பிறகுதான் அந்தப் பட்டியல் என் தூக்கத்தைக் கெடுக்கத் தொடங்கியது.

அத்தை எங்களோடு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. மாலை ஆறேகாலுக்கு விளக்கேற்றி, வாசல் விளக்கைப் போட்டுவிட்டு, ஆறரைக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது நாற்காலிக்கு வந்துவிடுவார். ரிமோட் இன்னும் பிளாஸ்டிக் உறைக்குள்தான் இருக்கிறது. உறைக்கு மேலேயே அழுத்தி அழுத்தி, அவருடைய சேனல் எண்ணுக்கு உரிய மூன்று பொத்தான்களில் மட்டும் எழுத்து மறைந்து போயிருக்கிறது. அந்த ஆறரை மணித் தொடரை அவர் மூன்று ஆண்டுகள் பார்த்தார். நாயகியின் மாமியாராக நடித்தவர் பாதியில் விலகி, திரையில் 'இவருக்குப் பதில் இவர்' என்று அட்டை வந்த நாளில், புது மாமியாரை ஒரு வாரம் முறைத்துக்கொண்டே பார்த்து, பிறகு ஏற்றுக்கொண்டார். அந்த அளவுக்கு விசுவாசம். (எந்தச் சேனல், எந்தத் தொடர் என்று சொல்லப் போவதில்லை. எதுவாக இருந்தாலும் கதை இதேதான்.)

ஒருநாள் திரையின் அடியில் ஒரு வரி ஓடியது. நேயர்களின் பேராதரவைத் தொடர்ந்து, வரும் திங்கள் முதல் புதிய நேரத்தில், மதியம் 2 மணிக்கு. இந்தத் துறையின் மொழி பழகியவர்களுக்கு இது எப்படிப்பட்ட அறிவிப்பு என்று தெரியும். பேராதரவு இருந்தால் யாரும் மாலையிலிருந்து மதியத்துக்குத் தூக்கிப் போட மாட்டார்கள். மாலையிலிருந்து மதியத்துக்குப் போன தொடர்களில் பெரும்பாலானவை சில மாதங்களில் 'சுபம்' போட்டுவிடும். அத்தைக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் ஏதோ நேர்ந்துவிட்டது என்று புரிந்துகொண்டார். குழுவில் வந்த பட்டியலை நான் காட்டி, டிஆர்பி குறைந்துவிட்டது, அதனால் மாற்றுகிறார்கள் என்றேன்.

"ஏம்ப்பா, அந்தக் கணக்குல நம்ம வீடு இருக்கா?"

இல்லை என்றேன்.

"பக்கத்து வீடு?"

நமக்குத் தெரிந்து யார் வீடும் இல்லை என்றேன்.

"அப்ப யாரைக் கேட்டு மாத்துனாங்க?"

பதில் இல்லை. அத்தைக்காக ஒரு காட்டமான கட்டுரை எழுதிவிடுவது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். தலைப்புகூடத் தயாராக இருந்தது. நீங்கள் இப்போது படிப்பது அந்தக் கட்டுரை அல்ல.

பானையும் பருக்கையும்

கோபமாக எழுதுவதற்கு முன் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாம் என்று இறங்கினேன். இந்தியாவில் இந்தக் கணக்கை எடுப்பது பார்க் (BARC) என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒளிபரப்புப் பார்வையாளர் ஆய்வு மன்றம். 2015 ஏப்ரல் முதல் அதன் எண்கள்தான் சந்தையில் செல்லுபடியாகின்றன. அதில் 60 விழுக்காட்டுப் பங்கு ஒளிபரப்பாளர்களுடையது. விளம்பரம் தருபவர்களின் சங்கத்துக்கும் விளம்பர முகமைகளின் சங்கத்துக்கும் தலா 20. அதாவது, மதிப்பெண் வாங்குகிறவர்களும் மதிப்பெண்ணைப் பார்த்துப் பணம் கொடுக்கிறவர்களும் சேர்ந்து நடத்தும் தேர்வு இது. பார்வையாளருக்கு அதில் இடமில்லை என்று முதல் குறிப்பை எழுதி வைத்துக்கொண்டேன். கட்டுரைக்கு நன்றாக உதவும் என்று தோன்றியது.

கணக்கெடுக்கும் கருவி வேலை செய்யும் விதம் எனக்குப் பிடித்திருந்தது. சேனல்கள் தங்கள் ஒளிபரப்பின் ஒலிக்குள்ளேயே காதுக்குக் கேட்காத ஓர் அடையாளத்தைக் கலந்து அனுப்புகின்றன. தேர்ந்தெடுத்த வீடுகளில் தொலைக்காட்சிக்கு அருகில் இருக்கும் கருவி அந்த அடையாளத்தைப் பிடித்து, எந்த நேரத்தில் எந்தச் சேனல் ஓடியது என்று பதிந்துகொள்கிறது. ஆனால் யார் பார்த்தது என்று கருவிக்குத் தெரியாது. அதற்காக வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிப் பொத்தான் உண்டு. உட்காரும்போது அழுத்த வேண்டும், எழுந்து போகும்போதும் அழுத்த வேண்டும். எங்கள் வீட்டில் விசிறியை அணைக்கவே ஆள் இல்லை. எங்களுக்கு அந்தக் கருவியை வைத்தால் அத்தை ராப்பகலாகத் தொலைக்காட்சி பார்ப்பதாகக் கணக்கு ஏறியிருக்கும்.

நாட்டில் ஏறத்தாழ 23 கோடி வீடுகளில் தொலைக்காட்சி இருப்பதாகவும், 58,000 வீடுகளில் மட்டுமே கருவி இருப்பதாகவும் 2025இல் ஒன்றிய அரசின் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே சொன்னது. 0.025 விழுக்காடு. கிட்டத்தட்ட நாலாயிரம் வீடுகளுக்கு ஒரு கருவி. இந்த எண்ணைக் கண்டதும் எனக்குக் கொண்டாட்டம். ஒரு வீடு பேசுகிறது, நாலாயிரம் வீடுகள் வாயை மூடிக்கொண்டிருக்கின்றன என்று ஒரு வாக்கியம் எழுதி, அதை அத்தையிடம் படித்தும் காட்டினேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டுவிட்டு, நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார்.

"பொட்டி வச்ச வீட்லயும் என்னை மாதிரி ஒருத்திதானப்பா உட்கார்ந்திருப்பா?"

புள்ளியியல் படித்தவர்கள் பக்கம் பக்கமாக விளக்குவது இதைத்தான். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பதை நம்புகிறவர்களுக்கு மாதிரிக் கணக்கெடுப்பில் சண்டைபோட இடமில்லை. பானை எவ்வளவு பெரியது என்பது பெரிய விஷயமில்லை. நன்றாகக் கிளறிய பிறகு எத்தனை பருக்கை எடுத்துப் பார்த்தோம் என்பதுதான் விஷயம். நாடு முழுவதற்கும் 58,000 என்பது மோசமான எண்ணிக்கை அல்ல. ஆனால் அந்தப் பானையைப் பிரித்துக்கொண்டே போனால் நிலைமை மாறுகிறது. தமிழ் பார்க்கும் வீடுகள், அவற்றில் பெண்கள், அவர்களில் இந்த வயதுக்காரர்கள், ஒரு வாரத்தில் ஆறரை முதல் ஏழு வரை என்று குறுக்கிக்கொண்டே வந்தால் கையில் மிஞ்சுவது கொஞ்சம் பருக்கைகள்தான். அந்த அளவில், இரண்டு தொடர்களுக்கு இடையே புள்ளிக்குப் பின்னால் வரும் ஓர் எண்ணின் வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. எங்கள் குழுவில் இரண்டு நாள்கள் நடக்கும் சண்டை பெரும்பாலும் அந்த அர்த்தமற்ற எண்ணைப் பற்றியதுதான்.

இன்னொரு பலவீனமும் உண்டு. எந்தப் பருக்கையை எடுப்பார்கள் என்று தெரிந்துவிட்டால் அந்தப் பருக்கையை மட்டும் வேகவைத்துக்கொள்ளலாம். கருவி உள்ள வீடுகளின் முகவரி ரகசியமாக வைக்கப்படுவது அதனால்தான். 2020 அக்டோபரில் மும்பைக் காவல்துறை, அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னார்கள் என்று வழக்குப் பதிந்தது. அதையொட்டிச் செய்திச் சேனல்களின் தனித்தனி மதிப்பீடுகளை வெளியிடுவதை பார்க் நிறுத்தியது. 2022 மார்ச்சில்தான் அவை திரும்ப வந்தன. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் செய்திச் சேனல்கள் ஒன்றும் மூடப்பட்டுவிடவில்லை, கத்தலும் குறையவில்லை. மதிப்பெண்ணுக்காகத்தான் கத்துகிறார்கள் என்று நினைத்திருந்த எனக்கு அது ஒரு சிறு ஏமாற்றம்.

இவ்வளவும் படித்த பிறகு என் கோபம் கொஞ்சம் நீர்த்துப் போயிருந்தது, ஆனால் தீரவில்லை. கணக்கு ஓரளவுக்குச் சரி என்றே வைத்துக்கொள்வோம். மூன்று ஆண்டுகள் விடாமல் பார்த்த அத்தையைப் போன்றவர்கள் அந்த 58,000 வீடுகளிலும் இருந்திருக்க வேண்டும் அல்லவா? அவர்கள் பார்த்தும் எண் எப்படி விழுந்தது?

ஸ்லாட் என்னும் நிலம்

தொலைக்காட்சிக்காரர்களோடு பழகியவர்கள் நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுவதைவிட ஸ்லாட்டைப் பற்றிப் பேசுவது அதிகம். ஆறரை ஸ்லாட், எட்டு ஸ்லாட், ஒன்பதரை ஸ்லாட் என்று நிலம் பேசுவதுபோலப் பேசுவார்கள். அது வெறும் பேச்சுவழக்கு அல்ல. சன் தொலைக்காட்சியில் நெடுங்காலம் இருந்த முறையே அதுதான்: தயாரிப்பாளர் ஒளிபரப்புக் கட்டணம் கட்டி அரைமணி நேரத்தை வாங்கிக்கொள்வார், அதற்குள் வரும் விளம்பர நேரத்தைத் தாமே விற்றுப் போட்ட பணத்தை எடுப்பார். குத்தகை நிலத்தில் பயிர் வைப்பது போலத்தான். மற்ற பெரிய சேனல்கள் பெரும்பாலும் எபிசோடுக்கு இவ்வளவு என்று தயாரிப்பாளருக்குக் கொடுத்துவிட்டு, விளம்பர வருமானத்தையும் உரிமையையும் தாங்களே வைத்துக்கொண்டன. எந்த முறையானாலும், விளம்பரம் மணிக்கு 12 நிமிடத்தைத் தாண்டக்கூடாது என்று விதி இருப்பதால், விற்க இருக்கும் சரக்கின் அளவு ஏறக்குறைய ஒன்றுதான். கூட்ட முடிவது அந்த நிமிடத்தின் விலையை மட்டும். விலையைக் கூட்ட, எதிரே அதே நேரத்தில் ஓடும் தொடரிலிருந்து ஆள்களை இழுக்க வேண்டும்.

இழுப்பதற்குக் கதை மட்டும் போதாது என்று எல்லாச் சேனல்களுக்கும் தெரியும். நமக்கெல்லாம் பழகிப்போன மகாசங்கமம் அதற்கென்றே பிறந்தது. இரண்டு தொடர்களின் குடும்பங்களையும் ஒரே கல்யாண மண்டபத்திலோ ஒரே கோயில் திருவிழாவிலோ கொண்டுவந்து நிறுத்தி, இரண்டு அரைமணி நேரத்தையும் ஒன்றாகக் கட்டி, ஒரு மணிநேரமாக ஓட்டுவார்கள். வலுவான தொடரின் ரசிகர்களை மெலிந்த தொடரின் நேரத்துக்கும் சேர்த்துப் பிடித்துவைக்கும் உத்தி இது. இன்னொரு நுட்பமும் அதில் உண்டு: எதிர்ச் சேனலில் ஆறரைக்குப் புதுத் தொடர் தொடங்கும்போது, இங்கே ஆறுக்குத் தொடங்கிய மகாசங்கமத்தில் தாலி கட்டும் நேரமாக இருக்கும். தாலிக்கு நடுவே யாராவது சேனல் மாற்றுவார்களா?

முந்தைய நிகழ்ச்சியின் கூட்டம் அடுத்த நிகழ்ச்சிக்கு வழிந்து வரும் என்பதைத் தலைகீழாக நிரூபித்தது அமெரிக்காவின் என்பிசி தொலைக்காட்சி. 2009 செப்டம்பரில் அது, வாரத்தின் ஐந்து இரவுகளிலும் 10 மணிக்கு ஓடிய நாடகத் தொடர்களை எடுத்துவிட்டு, ஜே லெனோவின் அரட்டை நிகழ்ச்சியை வைத்தது. நாடகத்தைவிடச் செலவு மிகக் குறைவு என்பதால் கொஞ்சம் ஆள் குறைந்தாலும் லாபம்தான் என்று கணக்குப் போட்டார்கள். குறைந்தது 10 மணிக் கூட்டம் மட்டுமல்ல; அதற்குப் பின்னால் 11 மணிக்கு, என்பிசியோடு இணைந்த உள்ளூர் நிலையங்கள் தரும் செய்திகளுக்கும் ஆள் வரவில்லை. அந்தச் செய்திகள்தான் உள்ளூர் நிலையங்களுக்குப் படியளப்பவை. அவை போர்க்கொடி தூக்க, 2010 பிப்ரவரியில் அந்த நிகழ்ச்சி நிறுத்தப்பட்டது.

இவற்றையெல்லாம் குறித்துக்கொண்டிருந்தபோது, 2020இல் ஊரடங்கின்போது நடந்தது நினைவுக்கு வந்தது. படப்பிடிப்புகள் நின்று போய், எல்லாச் சேனல்களும் பழைய தொடர்களைத் தூசி தட்டி எடுத்து ஓட்டின. அத்தை அப்போதும் ஆறரைக்கு உட்கார்ந்தார். முடிவு தெரிந்த கதையை, வசனம்கூட மனப்பாடமாக இருந்த கதையை, முதல்முறை பார்ப்பதுபோலப் பார்த்தார். அன்றைக்கு அதை வேடிக்கையாக நினைத்தேன். அதில் இருந்த செய்தி எனக்குப் புரியவில்லை.

கடைசி வாரம்

அத்தையின் தொடர் மதியத்துக்குப் போன நான்காம் மாதம் 'கிளைமாக்ஸ் வாரம்' என்று விளம்பரம் வந்தது. எனக்கு அந்த வாரம் விடுப்பு இருந்தது. கட்டுரைக்கு இதைவிட நல்ல சான்று கிடைக்காது என்று, அத்தையோடு உட்கார்ந்து ஆறு நாளும் பார்ப்பதாக முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை இரண்டு மணி. கதையில் அப்போது தீர வேண்டியவை: ஒரு சொத்து வழக்கு, ஒரு கடத்தல், எட்டு மாதமாக மருத்துவமனையில் நினைவில்லாமல் கிடக்கும் ஒரு சாட்சி, காணாமல் போன ஒரு குழந்தை, தன் தங்கை யாரென்று தெரியாத ஓர் அண்ணன். மாலையில் இருந்தபோது இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து மூன்று மாதம் ஓட்டியிருப்பார்கள். ஒரு கன்னத்தில் அறை விழுந்தால் அதைச் சுற்றி நிற்கும் ஏழு முகங்களையும் ஒவ்வொன்றாக மூன்று முறை காட்டிய தொடர் அது. இப்போது எல்லாம் ஓட்டப்பந்தயமாக நடந்தது. சாட்சி கண்விழித்தார்; விழித்த வேகத்தில் நீதிமன்றத்துக்கு வந்து நின்றார். அண்ணன் ஒரு பழைய புகைப்படத்தைப் பார்த்த அரை நிமிடத்தில் தங்கையைக் கண்டுகொண்டார். வியாழக்கிழமை, மூன்றாண்டுக்காலம் விஷம் வைத்தும் ஆள் வைத்தும் சலிக்காத வில்லி, ஒரு விளம்பர இடைவேளைக்கும் அடுத்ததற்கும் நடுவில் திருந்தினார். கடிகாரம் பார்த்தேன். நான்கு நிமிடம். அந்த நடிகையின் முகத்தில் உண்மையாகவே ஒரு களைப்பு இருந்தது; அடுத்த தொடருக்கான தேதியைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தாரோ என்னவோ.

அத்தை என்ன நினைக்கிறார் என்று பார்க்க அப்போதுதான் திரும்பினேன். அத்தை தூங்கிக்கொண்டிருந்தார். ரிமோட் மடியில் இருந்தது. தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. யோசித்துப் பார்த்தால், திங்களன்றும் முதல் விளம்பரம் வருவதற்கு முன்பே அவர் தூங்கிவிட்டார். செவ்வாயும் புதனும்கூட. அநியாயம் இழைக்கப்பட்டவர் நிம்மதியாகக் குறட்டை விட, அவர் சார்பில் கொதித்தவன் மட்டும் மதியம் இரண்டு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான்கு மணிக்கு அவர் எழுந்ததும் கேட்டேன். மதியத்துக்கு மாற்றிய பிறகு எத்தனை நாள் பார்த்தீர்கள்?

"முதல் வாரம் ரெண்டு நாள் பாத்தேன். ரெண்டு மணிக்கு யாருப்பா முழிச்சிருப்பா?"

அப்படியானால் ஆறரைக்கு?

"அதுல புதுசா ஒண்ணு போட்டானே, அதைப் பாக்குறேன். அந்தப் பொண்ணு பாவம்ப்பா, அவ புருசன் யாருன்னு அவளுக்கே தெரியாது." நான் கேட்காமலே கதையை முழுதாகச் சொன்னார். நான்கு மாதக் கதை. ஒரு நாளும் விட்டிருக்கவில்லை.

சரி, மாற்றியதற்கு முன்னால்? ஆறரைக்கு இருந்தவரை விடாமல் பார்த்தீர்கள்தானே? அத்தை சற்று யோசித்தார். எதிர்ச் சேனலில் மகாசங்கமம் ஓடிய இரண்டு வாரம் மட்டும் அந்தப் பக்கம் போனதாகச் சொன்னார். கல்யாணம் நடக்குமா நடக்காதா என்று தெரிய வேண்டியிருந்ததாம். போனதோடு பிடித்துப்போய், அதன் பிறகும் விளம்பரம் வரும்போதெல்லாம் அந்தப் பக்கம் எட்டிப்பார்த்துவிட்டு வருவது வழக்கமாகிவிட்டது. இப்படி எட்டிப்பார்ப்பதைத்தான் அந்தக் கணக்கு நிமிடம் நிமிடமாகப் பிடிக்கிறது. அரைமணி நேரத்தில் பத்து நிமிடம் பார்த்தவர் முழுப் பார்வையாளராக ஏறுவதில்லை. மூன்றில் ஒரு பங்காகத்தான் ஏறுகிறார். மூன்று ஆண்டு விசுவாசத்தை அத்தை மனதளவில் விட்டுவிடவே இல்லை. ஆனால் ரிமோட் அளவில் ஒரு பகுதியை விட்டிருந்தார். கருவி வைத்த ஏதோ ஒரு வீட்டில், அவர் சொன்னபடியே, அவரைப் போன்ற ஒருத்தி இருந்திருக்கிறார். அவரும் கல்யாணம் நடக்குமா என்று பார்க்கப் போயிருக்கிறார். யாரைக் கேட்டு மாற்றினார்கள் என்ற கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டது. அதை அத்தையிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கட்டுரையின் வரைவை மட்டும் அழித்தேன்.

சேனலின் மேல் எனக்கு இப்போது குறையே இல்லை என்று சொல்ல முடியாது. நேரத்தை மாற்றியது அவர்கள் வியாபாரம். ஆனால் மூன்றாண்டுக் கதையை ஆறு நாளில் அவ்வளவு அலட்சியமாகச் சுருட்டியதற்கு எந்த எண்ணும் காரணமாக முடியாது. யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்த இடத்தில் எப்படி வேலை செய்கிறோம் என்பது நம் எல்லோரையும் பற்றிய சங்கடமான கேள்வி என்பதால் அதை இத்தோடு விடுகிறேன். என் மனைவி தன் தொடர்களைச் செயலியில் தனக்குத் தோன்றும் நேரத்தில் பார்க்கிறாள். ஆறரையும் அவளுக்கு ஒன்றுதான், பதினொன்றும் ஒன்றுதான். அவள் பார்ப்பது வியாழக்கிழமைப் பட்டியலில் ஏறாது. அவளைப் போன்றவர்கள் பெருகப் பெருக, ஸ்லாட்டுக்காக நடக்கும் இந்தச் சண்டை, அத்தையைப் போல நாற்காலியில் நேரம் பார்த்து உட்காருபவர்களுக்காக மட்டுமே நடக்கும் சண்டையாகிவிடும். பண்டிகை நாள்களில் 'திரைக்கு வந்து சில மாதங்களே ஆன' என்று சேனல்கள் முழங்கும்போது, அந்தப் படத்தைச் செயலியில் எப்போதோ பார்த்து முடித்துவிட்ட பிள்ளைகள் உள்ளறையில் சிரிப்பது எங்கள் வீட்டில் ஏற்கெனவே கேட்கத் தொடங்கிவிட்டது.

சனிக்கிழமை இறுதிப் பகுதியை நான் தனியாகத்தான் பார்த்தேன். கடைசிக் காட்சியில், திருந்திய வில்லி உட்பட எல்லோரும் வீட்டு வாசலில் வரிசையாக நின்று, நம்மைப் பார்த்துக் கைகூப்பினார்கள். இந்தப் பக்கம் நான் ஒருவன் இருந்தேன். அத்தை அன்றும் உறங்கிக்கொண்டிருந்தார்.

மாலையில் விளக்கேற்றிவிட்டு வந்து உட்கார்ந்தவர் கேட்டார். "முடிஞ்சுதாமே? அந்தக் குழந்தை கிடைச்சுதா?"

கிடைத்தது என்றேன்.

"எப்படிக் கிடைச்சுது?"

நான் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன். சாட்சி கண்விழித்ததையும் அண்ணன் புகைப்படத்தைப் பார்த்ததையும் சொல்லி, கடத்தல்காரர்களின் குடோனுக்கு வந்து சேர்ந்தேன். நாயகி கதவை உடைத்துக்கொண்டு உள்ளே நுழையும் இடம். அத்தை கன்னத்தில் கைவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். திரையில் ஆறரை மணித் தொடரின் தொடக்க இசை கேட்டது. அத்தை என் பக்கம் பார்க்காமலே கையை உயர்த்தினார்.

"இருப்பா, மீதியை விளம்பரத்துல சொல்லு."